மழையில் ஊறிய மரத்தூள்

ஜப்பானில் எனோகி காளான் அதிகம் விளையும் நாகனோ பக்கத்தில், பண்ணைக்கு வெளியே மரத்தூளை மேடு மேடாகக் குவித்துப் போடுவது பழைய வழக்கம். மேலே கூரை கிடையாது. தூள் மழையில் நனைய வேண்டும் என்றே அப்படிப் போடுகிறார்கள். மழை இல்லாத நாளில் குழாய் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். அந்தத் தூள் சுகி என்ற ஊசியிலை மரத்தை அறுத்து வந்தது. மாதக்கணக்கில் வெயிலும் மழையும் பட்டு, நிறம் மங்கி, வாசனை போன பிறகுதான் அது காளான் வளர்க்கும் புட்டிக்குள் போகும். பைன் போன்ற ஊசியிலை மரத்தின் தூளில் காளான் வராது என்று உறுதியாகச் சொல்பவர்களுக்கு அந்த மேடுகளே பதில். புதுத் தூளில் வராது என்பது உண்மை. பழைய தூளில், சரியான இனத்தைப் போட்டால் நன்றாகவே வரும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மென்மரம் என்றால் தொட்டால் மெத்தென்று இருக்கும் மரம் அல்ல. இலவமும் முருங்கையும் கத்தியால் சீவும் அளவுக்கு மெதுவானவை. ஆனாலும் தாவரவியல் கணக்கில் அவை வன்மரங்கள். அவற்றின் தூளுக்கு இங்கே சொல்லப்போகும் ஊறல் பக்குவம் தேவையில்லை. மென்மரம் என்பது பைன், தேவதாரு, ஸ்ப்ரூஸ், டக்ளஸ் ஃபர், சுகி போன்ற ஊசியிலை மரங்களைக் குறிக்கும். பூக்காமல் கூம்பு காய்க்கும் மரங்கள் இவை.

ஜப்பான்காரர்கள் இந்த வழிக்கு வந்ததற்குக் காரணம் கையில் இருந்த மரம்தான். அங்கே மனிதர் நட்டு வளர்த்த காடு ஏறக்குறைய 1 கோடி ஹெக்டேர். அதில் 44 விழுக்காடு அளவுக்குச் சுகி மட்டுமே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெருமளவில் நட்டவை அவை. களைந்து வெட்டும் சிறு மரமும் மில்லில் மிஞ்சும் தூளும் மலையாகக் குவியும் ஊரில், அதை உணவாக்க வழி தேடியது இயல்பே.

தடை எங்கே இருக்கிறது

ஊசியிலை மரம் தன்னைக் காத்துக்கொள்ளப் பிசினை வைத்திருக்கிறது. பிசின் ஒரே பொருள் அல்ல. அதில் மூக்கைத் துளைக்கும் டர்பன்டைன் வாசனைக்குக் காரணமான ஆவியாகும் எண்ணெய்கள் ஒரு பங்கு. ஒட்டும் தன்மையுள்ள பிசின் அமிலங்கள் இன்னொரு பங்கு. இவை போக, வைரப்பகுதியில் பூசணத்தைக் கொல்லும் பீனால் வகைப் பொருள்கள் தனியாக இருக்கின்றன. பைனின் வைரத்தில் இருப்பது பினோசில்வின், சுகியின் சிவந்த வைரத்தில் இருப்பது ஃபெருஜினால். எண்ணெய் காற்றில் போய்விடும். பீனாலில் ஒரு பகுதி தண்ணீரில் கரைந்து இறங்கும், இன்னொரு பகுதியை மேட்டில் வளரும் நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். பிசின் அமிலம்தான் கடைசிவரை நிற்கும். ஆனால் அதன் வீரியமும் காற்றுப்பட்டுக் குறையும். இதனால்தான் காலம் தேவைப்படுகிறது. வெறுமனே அலசினால் வேலை முடிந்துவிடாது.

மீதித் தடை உணவு தொடர்பானது. மரத்துக்கு விறைப்புத் தரும் லிக்னின் என்ற பொருள் வன்மரத்தில் பொதுவாக 18 முதல் 25 விழுக்காடு, மென்மரத்தில் 27 முதல் 32. அளவு மட்டும் கூடுதல் இல்லை, மென்மரத்தின் லிக்னின் வகையே உடைக்கக் கடினமானது. சிப்பிக் காளான் போன்ற வெண்ணழுகல் இனங்கள் வன்மர லிக்னினை வேகமாக உடைக்கும், இங்கே தடுமாறும். நைட்ரஜனோ மிகச் சொற்பம். ஆகவே தவிடு சேர்க்காமல் வெறும் பைன் தூளில் விளைச்சல் எதிர்பார்ப்பது வீண்.

இயற்கையில் ஊசியிலை மரத்தைத் தின்று வாழும் பூசணங்களில் பல பழுப்பழுகல் வகை. அவை லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிட்டு நார்ப்பொருளான செல்லுலோஸ் வகையை மட்டும் உருவும். மரம் பழுப்பாகி, செங்கல் உடைந்ததுபோல் கட்டம் கட்டமாகப் பிளக்கும். காலிஃபிளவர் பூப்போல் சுருண்டு வளரும் ஸ்பராசிஸ் அந்த வகை. ஜப்பானிலும் கொரியாவிலும் அதை லார்ச் என்ற ஊசியிலை மரத்தின் தூளில் வளர்க்கிறார்கள். சுவை அருமை, ஆனால் பையில் மாதக்கணக்கில் கிடக்கும். பழகும் கைக்கு அது ஏற்றதல்ல.

எந்த இனம்

பழகுவதற்கு ஏற்றது பிளூரோட்டஸ் பல்மனேரியஸ் என்ற சிப்பிக் காளான். வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில் அது ஊசியிலை மரங்களின் மேல் தானாக வளர்கிறது. கிழக்குப் பக்கம் அதே இனம் வன்மரத்தில் வரும். இந்தியாவில் பலரும் இதை வேறு பெயரில் அறிவார்கள். காளான் வித்து (காளான் இழை ஓடிய தானியம் அல்லது தூள்) விற்கும் கடையில் சஜோர்-காஜு என்று விற்கும் வகைதான் அது. 1974ஆம் ஆண்டு ஜாண்டைக் என்ற ஆய்வாளர் இமய அடிவாரத்தில் கள்ளி இனச் செடி ஒன்றில் கண்டு பதிவு செய்த காளானுக்கு அப்போது அந்தப் பெயர் வந்தது. உண்மையான சஜோர்-காஜு வேறு ஒரு இனம், சற்றுத் தோல்போன்றது. பயிரில் இருப்பது பல்மனேரியஸ் என்று பிறகு தெளிவானது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை. பல தலைமுறையாக வைக்கோலில் வளர்ந்த வித்தைப் பைன் தூளில் போட்டால் உடனே பாயாது. பழக்க வேண்டும். ஆய்வுக்கூட வசதி உள்ளவர்கள் தட்டில் உறையவைக்கும் ஊட்டக்கூழான உருளைக்கிழங்கு அகாரிலேயே பழக்கத்தைத் தொடங்கலாம். ஒரு லிட்டருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்து வடித்த நீர், 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 20 கிராம் அகார் என்பது வழக்கமான கணக்கு. அதில் கால் பங்கு நீருக்குப் பதில் பழைய பைன் தூளைக் கொதிக்கவைத்து வடித்த நீரைச் சேர்க்க வேண்டும். அதில் விளிம்புவரை வேகமாக ஓடும் பகுதியை மட்டும் வெட்டி அடுத்த தட்டுக்கு மாற்றுங்கள். இரண்டு மூன்று மாற்றத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஊசியிலைக் கட்டையிலேயே முளைத்த, இனம் உறுதியான காளானின் தண்டை இரண்டாகக் கிழித்து, உள்சதையில் அரிசி அளவு எடுத்து அகாரில் வைத்தால் இன்னும் நல்லது. அகார் வசதி இல்லாதவர்கள் சோளத்தில் வளர்த்த காளான் வித்தை நேராகப் பையில் போடாமல், பாதி வன்மரத் தூளும் பாதி பழைய பைன் தூளும் கலந்த ஒரு பையில் முதலில் ஓடவிட்டு, அந்தப் பையையே வித்தாகப் பயன்படுத்தலாம்.

குளிர் உள்ள மலைப்பகுதி என்றால் நமேகோ இருக்கிறது. வெண்டைக்காய் வழவழப்போடு பொன்னிறக் குடை விரிக்கும் ஜப்பானியக் காளான். 10 முதல் 15 டிகிரிக் குளிர் இல்லாமல் மொட்டு விடாது. அதைப் பின்னால் பார்ப்போம்.

தூள் எங்கிருந்து

மில்லில் கேட்டு வாங்கும்போது எந்த மரம் என்று மட்டும் கேட்டால் போதாது, மரத்துக்கு மருந்து அடித்ததா என்றும் கேட்க வேண்டும். ஒட்டுப்பலகை, எம்டிஎஃப் என்ற மரநார்ப் பலகை அறுத்த தூளில் பசை கலந்திருக்கும், தொடவே கூடாது. ரயில் தண்டவாளக் கட்டை, பழைய மின்கம்பம் ஆகியவற்றில் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். அதில்கூட முளைக்கும் காளான் உண்டு என்பது வியப்பான உண்மைதான். ஆனால் அது உணவாகாது.

நம் பக்கம் எளிதில் கிடைப்பது துறைமுகம் வழியாக வரும், சரக்கு அடுக்கும் பைன் பேலட் பலகை. இதில் ஒரு முத்திரையைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். பலகையின் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் படத்துடன் சூடு வைத்த குறி இருக்கும். நாட்டின் இரண்டு எழுத்து, தயாரித்தவர் எண், கடைசியில் பதம் செய்த முறை. அங்கே ‘எச்டி’ என்று ஆங்கில எழுத்து இருந்தால் பலகையின் நடுப்பகுதி 56 டிகிரிச் சூட்டில் 30 நிமிடம் நின்றது என்று பொருள். அது சரி. ‘எம்பி’ என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அதை ஒதுக்கிவிடுங்கள். குறியே இல்லாததையும், எண்ணெய்க் கறை உள்ளதையும் ஒதுக்குங்கள். பேலட்டில் ஒரு நன்மை உண்டு. பலகை பல மாதம் வெயிலில் உலர்ந்தது, ஆவியாகும் எண்ணெய் பாதி முன்பே போயிருக்கும். ஆணியைப் பிடுங்கிய பின்னும் தூளின் மேல் ஒரு காந்தத்தை ஓட்டிவிடுங்கள். ஒரு சிறு கம்பி போதும், பை கிழிந்து பச்சைப் பூசணம் புக.

இலங்கையின் மலையகத்தில் நட்டிருக்கும் கரீபியப் பைன் பிசினுக்காகவே கீறப்படும் மரம். அதன் தூளுக்கு ஊறல் காலம் கூடுதலாகத் தேவை. கொடைக்கானல் பக்கம் உள்ளது பாட்டுலா பைன். அங்கே காட்டில் விழுந்த கட்டையை எடுப்பதும் வனத்துறை அனுமதியின்றிக் கூடாது, மில்லில் வாங்குவதே வழி.

மிக மெல்லிய தூள் மட்டும் போட்டால் பையில் களிமண்போல் அடைத்துக்கொள்ளும், காற்றோட்டம் செத்துவிடும். இரண்டு பங்கு தூளுக்கு ஒரு பங்கு இழைப்புச் சுருள் கலப்பது நல்லது.

ஊறப்போடுதல்

சரிவான சிமெண்டுத் தரையில் இடுப்புயரம் குவியுங்கள். முதல் தடவை அடிவரை நனையும்படி தண்ணீர் விட்டால் வெளியே ஓடிவரும் நீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். அந்த நீர் செடிக்கும் மீனுக்கும் ஆகாது, வாய்க்காலில் விட வேண்டாம். மாதம் ஒரு முறை மேட்டைப் புரட்டி, உள்ளே இருந்தது வெளியே வரும்படி மாற்றிப் போட வேண்டும். இந்தப் புரட்டலைச் சோம்பலால் விட்டவர்களின் தூள் நடுவில் காற்றின்றிப் புளித்துவிடும். புளித்த நாற்றம் வந்தால் பரப்பி ஆறவிட்டு மறுபடி குவியுங்கள்.

பேலட் தூளுக்கு 3 மாதம், புதிதாக அறுத்த பைனுக்கு 6 மாதத்துக்குக் குறையாமல். நாள்கணக்கை நம்புவதைவிட மூக்கையும் கண்ணையும் நம்பலாம். ஒரு கைப்பிடி எடுத்து வெந்நீரில் போட்டு மூடி, ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் டர்பன்டைன் வாசனை எழக் கூடாது, மழை பெய்த மண் வாசனை வர வேண்டும். நீரின் நிறம் வெளிறிய தேநீர்போல் இருக்க வேண்டும்.

எல்லாத் தூளையும் பையில் போடுவதற்கு முன் புட்டிச் சோதனை ஒன்று செய்துவிடுங்கள். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிப் புட்டி. ஒன்றில் ஊறிய பைன் தூள், இன்னொன்றில் மா அல்லது ரப்பர் மரத்தூள், இரண்டிலும் அதே அளவு தவிடு. வேகவைத்து, ஆறியதும் மேலே ஒரு கரண்டி வித்து. இரண்டு நாளுக்கு ஒரு தடவை வெள்ளை இழை இறங்கிய இடத்தில் கண்ணாடி மேல் கோடு போடுங்கள். பன்னிரண்டு நாளில் ஏணிபோல் ஆறு கோடு விழுந்திருக்கும். பைன் புட்டியின் கடைசிக் கோடு மற்றதில் பாதி ஆழத்தைத் தாண்டியிருந்தால் தூள் தயார். கோடுகள் நெருங்கி நெருங்கி, மூன்றாவதுக்குப் பிறகு நகரவே இல்லையென்றால் பிசின் இன்னும் இருக்கிறது. இன்னும் ஒன்றரை மாதம் நனையட்டும்.

கலவையும் வேக்காடும்

உலர் எடையில் 10 கிலோவுக்கு: பைன் தூளும் சுருளும் 6 கிலோ, நறுக்கிய வைக்கோல் அல்லது வன்மரத் தூள் 2 கிலோ, அரிசித் தவிடு 1.8 கிலோ, சுண்ணாம்புக்கல் பொடி 200 கிராம். எண்ணெய் எடுக்காத புதுத் தவிடு சீக்கிரம் சிக்கடிக்கும், அன்று அரைத்ததே நல்லது. பைன் இயல்பிலேயே புளிப்புத் தன்மை உள்ளது. அதைச் சமன் செய்யத்தான் சுண்ணாம்புக்கல். வெற்றிலைச் சுண்ணாம்பை அதே அளவில் போட்டால் காரம் ஏறிவிடும்.

ஈரக் கணக்கில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஊறிய தூளில் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறதே. 100 கிராம் தூளை வாணலியில் இளஞ்சூட்டில் வறட்டி, எடை குறைவது நின்றதும் நிறுங்கள். 40 கிராம் நின்றால், 6 கிலோ உலர் தூளுக்கு 15 கிலோ ஈரத்தூள் வேண்டும், அதில் 9 லிட்டர் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. மொத்தக் கலவை 63 விழுக்காடு ஈரத்தில் 27 கிலோ எடை இருக்க வேண்டும், அதாவது 17 லிட்டர் தண்ணீர். ஆக நீங்கள் ஊற்ற வேண்டியது 8 லிட்டர் மட்டும். கைப்பதம் சொன்னால், புட்டு மாவைவிடக் கொஞ்சம் ஈரம் கூட. இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் இரண்டொரு சொட்டு எட்டிப் பார்க்கலாம், வழியக் கூடாது.

பாலித்தீன் பை சூடு தாங்காது, பாலிபுரொப்பிலீன் பைதான் வேண்டும். ஒரு கிலோ அளவில் தட்டி நிரப்பி, வாயில் பிவிசி வளையம் மாட்டி, உறிஞ்சாப் பஞ்சால் அடைத்து, மேலே காகிதம் கட்டுங்கள். தவிடு சேர்ந்த கலவைக்கு வைக்கோலுக்குச் செய்வதுபோல் வெந்நீர் முக்கல் போதவே போதாது. 15 பவுண்டு அழுத்தத்தில், 121 டிகிரியில், இரண்டு மணி நேரம். அழுத்தக் கலன் இல்லாதவர்கள் 200 லிட்டர் பீப்பாயில் நீராவியில் 8 முதல் 10 மணி நேரம் வேகவைக்க வேண்டும். அடுப்பு மூட்டிய நேரத்திலிருந்து எண்ணாதீர்கள், மூடியோரம் ஆவி சீறி வரத் தொடங்கியதிலிருந்து எண்ணுங்கள். நடுப்பை சூடேற மேலும் நேரம் ஆகும். பச்சைப் பூசணம் பிடித்த பைகளில் பெரும்பாலானவை இந்தக் கூடுதல் நேரத்தைச் சுருக்கியதால் கெட்டவை. பிசின் ஆவியோடு ஏறி வால்வில் படியும், ஒவ்வொரு வேக்காட்டுக்கு முன்பும் ஆவிக்குழாயைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

பை ஆறிக் கை வெதுவெதுப்புக்கும் கீழே வந்த பிறகு வித்து. வைக்கோலுக்கு 3 முதல் 5 விழுக்காடு போடுவோம். இங்கே ஈர எடையில் 8 முதல் 10 விழுக்காடு, அதாவது கிலோவுக்கு 80 முதல் 100 கிராம். இழை தயங்கி ஓடும் இந்தக் கலவையில் பல இடத்திலிருந்து ஒரே நேரத்தில் இழை ஓட வேண்டும், வேறு பூசணம் முந்திக்கொள்ள இடம் கொடுக்கக் கூடாது.

22 முதல் 28 டிகிரியில் இருட்டறையில் 4 அல்லது 5 வாரம். வைக்கோல் பைபோல் பஞ்சு வெள்ளையாகத் தெரியாது. கோலமாவு தூவியதுபோல் மெல்லியதாகத்தான் இருக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம். இழை ஒரு விரற்கடை ஓடி ஒரே கோட்டில் நின்றால் பிசின். மேலே நன்றாக ஓடி அடியில் நின்றால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. புளித்த வாடையோடு வழவழத்தால் பாக்டீரியா, வேக்காடு பத்தவில்லை. பச்சைத் திட்டு வந்த பையை அறைக்குள் திறக்கவே கூடாது, அப்படியே வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள்.

முழுதும் வெளுத்த பின் மேலும் ஒரு வாரம் பொறுத்து, பக்கவாட்டில் இரண்டு அங்குலக் கீறல் இரண்டு போட்டு, 18 முதல் 26 டிகிரி, 85 முதல் 90 விழுக்காடு ஈரப்பதம் உள்ள அறைக்கு மாற்றலாம். செய்தித்தாள் படிக்கும் அளவு வெளிச்சம் போதும். தண்டு நீண்டு குடை பொத்தானாக நின்றால் காற்று போதவில்லை. குடை விளிம்பு உள்மடிந்திருக்கும்போதே பறித்துவிட வேண்டும். நிமிர்ந்துவிட்டால் வித்துத்தூள் புகைபோல் கொட்டும், நுரையீரலுக்குக் கெடுதல். பறிக்கும்போது முகக்கவசம் அவசியம். உலர் கலவை ஒரு கிலோவுக்கு மூன்று பறிப்பில் 400 முதல் 600 கிராம் வந்தால் பைனுக்கு அது நல்ல விளைச்சல். வைக்கோலோடு போட்டியிட முடியாது. வைக்கோல் விலை ஏறிய ஊரில், தூள் இலவசமாகக் கிடைத்தால் மட்டுமே இந்தக் கணக்கு லாபத்துக்கு வரும்.

கட்டையில் நமேகோ

வேக்காடே இல்லாத ஒரு முறை ஜப்பானிய மலைக்காட்டில் இருக்கிறது. சுகிக் கட்டைகளையும் இதற்கு எடுக்கிறார்கள், பீச் என்ற வன்மரத்தைவிட விளைச்சல் குறைவு என்றாலும். வெட்டிய கட்டையை ஒரு சாண் நீளத் துண்டுகளாக அறுத்து, அடுத்தடுத்த துண்டுகளுக்கு ஒரே எண் போட்டுக்கொள்வார்கள். மரத்தூள் வித்து, தவிடு, தண்ணீர் மூன்றையும் கெட்டிக் குழம்பாகப் பிசைந்து, அறுத்த முகத்தில் அரை அங்குலம் பூசி, அதே எண்ணுள்ள துண்டை மேலே பொருத்தி வைப்பார்கள். எண் போடுவது இதற்குத்தான்: ஒரே வெட்டில் பிரிந்த முகங்கள் இடைவெளியின்றிப் பொருந்தும். சுற்றிலும் ஈரச்சாக்கு மூடி, நிழலில் வசந்தத்திலிருந்து கோடை முடியும்வரை. பிறகு இரண்டையும் பிரித்து, பூசிய முகம் மேலே இருக்க, ஒன்றிரண்டு விரற்கடை மட்டும் வெளியே தெரியும்படி ஈர மண்ணில் புதைப்பார்கள். இலையுதிர் காலத்தில் குளிர் இறங்கும்போது காளான் வரும், அடுத்த ஆண்டு இன்னும் கூடுதலாக. வைரம் குறைந்த இளங்கட்டைதான் இதற்கு ஏற்றது. வெட்டிய முகத்தில் நடுச்சிவப்பு பாதிக்கு மேல் இருந்தால் அந்தக் கட்டையை விறகுக்கு அனுப்பிவிடலாம்.

திறந்த வெளியில் கட்டை வைத்தால் நாம் போடாத காளானும் அதில் வரும். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊசியிலைக் கட்டைக்குக் கொடிய விருந்தாளிகள் இருவர் உண்டு. ஒன்று தேவதைச் சிறகு என்று மேல்நாட்டார் அழைக்கும் பிளூரோசைபெல்லா. தூய வெள்ளை, தண்டே இல்லாதது, காகிதம்போல் மெல்லிய சதை, சுகியின் அடிக்கட்டையில் அடுக்கடுக்காக வரும். சிப்பிக் காளானின் சதை இதைவிடத் தடிப்பாக, பிடித்தால் பிடிபடும். ஜப்பானில் தலைமுறை தலைமுறையாக இதைச் சாப்பிட்டார்கள். 2004ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் இதை உண்டவர்களில் 17 பேர் மூளைக் கோளாறால் இறந்தார்கள். பெரும்பாலோர் சிறுநீரக நோயாளிகள். அதன் பிறகு இது உண்ணும் பட்டியலில் இல்லை.

இன்னொன்று கலேரினா. பழுப்புக் குடை, மெல்லிய தண்டு, தண்டில் சிறு வளையம். சாவுக்குடைக் காளானில் உள்ள அதே நஞ்சு இதிலும் உண்டு. வேகவைத்தாலும் அழியாது, வாந்தி தொடங்கவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், அதற்குள் கல்லீரல் பாதிக்கப்படத் தொடங்கியிருக்கும். வெள்ளைக் காகிதத்தில் குடையைக் கவிழ்த்து வைத்து வித்துத்தூள் நிறம் பார்க்கும் சோதனை இங்கே ஏமாற்றும். கலேரினாவுக்கும் பழுப்புத் தூள், நமேகோவுக்கும் பழுப்புத் தூள். நமேகோவின் குடைமேல் கோந்துபோல் தடித்த வழவழப்புப் படலம் இருக்கும், கலேரினாவுக்கு அந்தத் தடிப்பு இராது. ஆனால் வெயிலில் காய்ந்த நமேகோவில் அதுவும் மறைந்துவிடும். ஆகவே கட்டையில் நமேகோ வைப்பவர்கள் ஈரமான காலையில், வழவழப்பு விரலில் ஒட்டும்போது, ஒவ்வொரு காளானாகத் தொட்டுத்தான் பறிக்க வேண்டும். கொத்தாக அறுத்துக் கூடையில் போடக் கூடாது. ஒரே கொத்தில் இரண்டும் கலந்து முளைக்கலாம். முதல் இரண்டு ஆண்டு பையில் சிப்பிக் காளான் வளர்த்துக் கை பழகிய பிறகு கட்டைக்குப் போவது பத்திரம்.